கிறிஸ்துமஸ் என்றால் லீவு!



"கிறிஸ்துமஸைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுப்பா. ரொம்ப சீரியஸா வேண்டாம், ஆனா விஷயம் இருக்கணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். நான் பாதிரியாரும் அல்ல, சரித்திரப் பேராசிரியரும் அல்ல. ஓர் அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர். போதாக்குறைக்கு, கிறிஸ்தவனும் இல்லை. எனக்கு இருக்கும் ஒரே தகுதி, டிசம்பர் 24 நைட் ஷிஃப்ட் பல வருஷம் பார்த்தவன் என்பதுதான். அந்தத் தகுதியே போதும் என்று பின்னால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். நம் பழைய மாணவர் சந்திப்பு ஏன் எப்போதும் டிசம்பர் கடைசி வாரத்திலேயே வருகிறது? கல்லூரி ஆரம்பித்த நாளா? இல்லை. நல்ல முகூர்த்தமா? மார்கழியில் ஏது முகூர்த்தம்! காரணம் எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் எல்லோருக்கும் லீவு. துபாய்க்காரன் வருவான், பெங்களூர்க்காரன் வருவான், பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை, வீட்டில் அனுமதி கிடைக்கும்.

ஆகவே லேப் ரெக்கார்ட் நோட்டு எழுதுவது போலவே எழுதிவிடுகிறேன். நோக்கம்: கிறிஸ்துமஸின் அர்த்தத்தைக் கண்டறிதல். தேவையான பொருட்கள்: கொஞ்சம் சரித்திரம், ஒரு காலண்டர், உங்களுடைய பொறுமை. நான் கண்டுபிடித்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் (லேபில் நாம் எல்லோரும் அப்படித்தானே செய்தோம்!): கிறிஸ்துமஸ் என்றால் லீவு. சிரிக்காதீர்கள், நிரூபிக்கிறேன்.

பெயரும் தேதியும்

சொல்லின் அர்த்தம் சுலபம். கிறிஸ்துவுக்காகச் செய்யும் 'மாஸ்', அதாவது திருப்பலி பூசை. அதுவே கிறிஸ்துமஸ். இலங்கைத் தமிழர்கள் 'நத்தார்' என்கிறார்கள். அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல், பிறப்பைக் குறிப்பது. வட இந்தியாவில் 'படா தின்', பெரிய நாள்.

தேதிதான் சிக்கல். இயேசு எந்த மாதம், எந்த நாள் பிறந்தார் என்று பைபிளில் எங்கும் இல்லை. முதல் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அதைப் பெரிய விழாவாக யாரும் கொண்டாடியதாகவும் தெரியவில்லை. ரோமாபுரியில் டிசம்பர் 25 என்று எழுதிவைத்த பழைய குறிப்பு 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏன் அந்தத் தேதி என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. பழைய ரோமானிய நாட்காட்டியில் அதுதான் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல், அதற்குப்பின் வெளிச்சம் வளரும், அதனால் என்கிறது ஒரு கட்சி. மார்ச் 25-இல் கருவுற்றதாகக் கணக்கிட்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்கிறது இன்னொரு கட்சி.

நான் லீவுக் கட்சி, அதனால் எனக்குப் பிடித்தது அதே மாதத்தில் ரோமர்கள் கொண்டாடிய 'சாட்டர்னேலியா'. டிசம்பர் 17-இல் தொடங்கிச் சில நாட்கள் நடக்கும். கோர்ட் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. முக்கியமான விஷயம், அந்த நாட்களில் அடிமைகளுக்கும் லீவு. எஜமானும் அடிமையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சில வீடுகளில் எஜமானே பரிமாறுவாராம். கிறிஸ்துமஸ் இதிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் போதாது. ஆனால் வேலை செய்கிறவனுக்கு வருஷத்தில் ஒருமுறையாவது உட்கார இடம் வேண்டும் என்ற எண்ணம் டிசம்பருக்குப் புதிதல்ல.

321-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று ஆணை போட்டார். நகரத்துக்காரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் லீவு. ஆனால் விவசாயிக்கு மட்டும் விலக்கு, அவன் விரும்பினால் உழலாம், விதைக்கலாம். பருவம் தவறினால் பயிர் போய்விடுமே! லீவு என்று ஒன்று பிறந்த காலத்திலேயே 'எசென்ஷியல் சர்வீஸ்' என்பதும் கூடவே பிறந்துவிட்டது, கவனியுங்கள்.

567-இல் பிரான்சின் டூர் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை முழுவதையும் விழா நாட்கள் ஆக்கியது. பன்னிரண்டு நாள்! இன்றைய எந்த ஹெச்.ஆர். மேனேஜரும் மயங்கி விழுந்துவிடுவார். ஆனால் ஐரோப்பாவில் அது சாத்தியம். டிசம்பரில் வயல் உறைந்து கிடக்கும், வேலை இல்லை. அறுவடை முடிந்திருக்கும், பனிக்காலத்தில் தீவனம் போட முடியாத கால்நடைகளை அறுத்து உப்புக்கண்டம் போட்டிருப்பார்கள். பண்டமும் இருந்தது, பொழுதும் இருந்தது. நமக்குத் தையில் பொங்கல் வருவதற்கும் இதே நியாயம்தான்.

லீவைப் பிடுங்கிய கதை

இருக்கும்போது எதன் அருமையும் தெரியாது. கிறிஸ்துமஸின் அருமையும் அதைப் பிடுங்கியபோதுதான் தெரிந்தது. பிடுங்கியவர்கள் யார் தெரியுமா? கிறிஸ்தவத்தின் எதிரிகள் அல்ல, அதை மிகத் தீவிரமாகப் பின்பற்றிய ப்யூரிடன்கள்!

அவர்களுடைய வாதத்தில் தர்க்கம் இருந்தது. பைபிளில் தேதி இல்லை, விழா எடுக்கச் சொல்லவும் இல்லை, ஜனங்களோ குடித்துக் கூத்தடிக்கிறார்கள், எனவே ஒழித்துவிடலாம். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1644-இல் டிசம்பர் 25 மாதத்தின் கடைசிப் புதன்கிழமையில் விழுந்தது. அது மாதாந்தர உபவாச நாள். விருந்தா, விரதமா? விரதம்தான் என்று பாராளுமன்றம் தீர்ப்பளித்தது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாவற்றையும் சட்டப்படியே ரத்து செய்தார்கள். அதற்குப் பதிலாக வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகுபவர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை லீவு. கணக்குப் பார்த்தால் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள், லாபம்தான். ஆனால் ஜனங்கள் கணக்கா பார்க்கிறார்கள்?

அந்த டிசம்பர் 25-இல் கேன்டர்பரி நகர மேயர் கடைகளைத் திறக்கச் சொன்னார். ஊர் திரண்டுவிட்டது. திறந்த கடைகளில் சரக்கை எடுத்து வீசினார்கள், தெருவில் பந்து விளையாடினார்கள், அது கலவரமாகவே முடிந்தது. சரித்திரத்தில் இதற்கு 'ப்ளம் புட்டிங் கலவரம்' என்று பெயர். பாயசத்துக்காகப் புரட்சி செய்வது போல! 1660-இல் ராஜா திரும்பி வந்தபோது கிறிஸ்துமஸும் கூடவே வந்துவிட்டது.

கடல் தாண்டிப் போன ப்யூரிடன்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659-இல் ஒரு சட்டம் போட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாலோ விருந்து வைத்தாலோ 5 ஷில்லிங் அபராதம். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம், லீவு போட்டதற்கே அபராதம்! 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் நிலைமை இன்னும் மோசம். சீர்திருத்தத் திருச்சபையின் பிடியில் அங்கே புத்தாண்டுதான் பெரிய விழா ஆயிற்று. டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனது 1958-இல்தான். அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நடுவே நம் துறைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் ஃபிசிக்ஸ் சார் கோபித்துக்கொள்வார். இங்கிலாந்தில் அன்று வழங்கிய பழைய நாட்காட்டிப்படி ஐசக் நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இன்றைய நாட்காட்டியில் அது 1643 ஜனவரி 4. அவருக்கு நினைவு தெரிந்த வயதில் அவருடைய பிறந்தநாள் நாடு முழுவதும் சட்டப்படி வேலை நாள். அந்தக் கோபத்தைத்தான் அவர் நம்மீது மூன்று விதிகளாகத் தீர்த்துக்கொண்டாரோ என்னவோ!

பதினெட்டரை நிமிஷம் லேட்

இன்று நாம் அறியும் கிறிஸ்துமஸுக்கு உருவம் கொடுத்ததில் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கேரல்' நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1843 டிசம்பர் 19-இல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆவிகள் வரும் கதை என்று நினைக்கிறோம். கொஞ்சம் நிதானமாகப் படித்தால் அது ஒரு லீவு லெட்டர் கதை!

ஸ்க்ரூஜ் என்ற கஞ்ச முதலாளி. வாரம் 15 ஷில்லிங் சம்பளத்துக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு எழுதும் குமாஸ்தா பாப் க்ராட்சிட். அவன் கேட்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் லீவு. வேலை செய்யாத நாளுக்கு ஏன் சம்பளம் என்று முதலாளிக்கு வயிற்றெரிச்சல். கொடுத்துவிட்டு, மறுநாள் சீக்கிரம் வந்து சேர் என்கிறார். அந்த இரவு ஆவிகள் வந்து மிரட்டி, ஸ்க்ரூஜ் மனம் மாறுகிறார். எப்படித் தெரிகிறது? 26-ஆம் தேதி காலையில் க்ராட்சிட் பதினெட்டரை நிமிஷம் லேட்டாக வருகிறான். பழைய ஸ்க்ரூஜாக இருந்தால் சம்பளம் கட். புதிய ஸ்க்ரூஜ் சம்பளத்தை உயர்த்துகிறார். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் நடந்த மனமாற்றம்!

அந்தக் கதையில் 26-ஆம் தேதி வேலை நாள் என்பதையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் அது வங்கி விடுமுறை ஆனது 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால். நாவல் வந்து 28 வருஷம் கழித்து.

அதே 1843-இல்தான் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் வந்தது. ஹென்றி கோல் என்ற அதிகாரிக்கு எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி ஆயிரம் அட்டை அச்சிட்டார், விலை ஒரு ஷில்லிங். படத்தில் சின்னக் குழந்தைக்கும் ஒயின் கொடுப்பது போல இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 'நேரமில்லை' என்பவன் என்ன செய்வான் என்பதற்கு அன்று வாழ்த்து அட்டை, இன்று வாட்ஸாப்பில் ஃபார்வர்டு செய்யும் பூங்கொத்து. பரிணாம வளர்ச்சி!

இருபதாம் நூற்றாண்டிலும் லீவு பிடுங்கிய கதை உண்டு. கியூபாவில் 1970-இல் ஒரு கோடி டன் சர்க்கரை எடுத்தே தீருவது என்று ஃபிடல் காஸ்ட்ரோ கங்கணம் கட்டினார். கரும்பு வெட்டும் காலத்தில் லீவா? 1969-இல் கிறிஸ்துமஸ் விடுமுறை ரத்து. இவ்வளவும் செய்து கிடைத்தது சுமார் 85 லட்சம் டன்தான். 'அவுட்புட்' கூடவில்லை, லீவு போனது போனதுதான். 1998 ஜனவரியில் போப் வருகைக்கு முன்னால், 1997 டிசம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கு நேர்மாறு பெலாரஸ், மால்டோவா நாடுகள். பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 7-ம் உண்டு, புதிய நாட்காட்டிப்படி டிசம்பர் 25-ம் உண்டு. இரண்டு நாளும் லீவு! குடியேறுவதற்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று என் நண்பன் கேட்கிறான்.

நம் நாட்டுக் கதை

வெள்ளைக்காரன் தன் பண்டிகைக்காகக் கோர்ட்டையும் ஆபீஸையும் மூடினான். அந்த லீவில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அவனையே வீட்டுக்கு அனுப்பும் வேலையை ஆரம்பித்தார்கள்!

1885 டிசம்பர் கடைசி வாரத்தில் பூனாவில் கூடுவதாக இருந்த கூட்டம், அங்கே காலரா பரவியதால் பம்பாய்க்கு மாறியது. டிசம்பர் 28-இல் 72 பிரதிநிதிகள் கூடினார்கள். அதுதான் இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடு. அதில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஏன் டிசம்பர்? வந்தவர்களில் பலர் வக்கீல்கள், கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் லீவு! நம் சங்கத்துக்குச் சொன்ன அதே காரணம். 1887-இல் சென்னையில் கூடியதும் டிசம்பர்தான். 1929-இல் லாகூரில் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறியதும் டிசம்பர் 31 நள்ளிரவு.

இன்னொன்றும் உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. பிறகு அதன் விழா டிசம்பரிலேயே நிலைத்துவிட்டது. மார்கழிக் கச்சேரி என்று நாம் பெருமையாகச் சொல்லும் சீசனுக்குப் பின்னாலும் கிறிஸ்துமஸ் லீவு நிற்கிறது. மயிலாப்பூர் மாமாவிடம் சொல்லிப் பாருங்கள், காண்டீன் காபி ஆறிப்போகும் வரை விவாதிப்பார்!

சட்டத்தையும் தொட்டுவிடுவோம். பொது விடுமுறை பற்றிப் பேசும் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் என்ன தெரியுமா? 25! தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். அடுத்து, ஞாபகம் வைக்கச் சொன்ன 1958. ஸ்காட்லாந்துக்காரனுக்கு கிறிஸ்துமஸ் லீவு கிடைத்த அதே வருஷம், இங்கே சென்னை மாநிலத்தில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. பண்டிகை நாளில் ஒருவன் வேலைக்கு வர வேண்டியிருந்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. இந்தச் சட்டத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். பண்டிகை அன்றும் சிலர் வேலைக்கு வரத்தான் வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. என் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

துப்பாக்கிக்கும் லீவு

அதற்கு முன் 1914. முதல் உலகப்போர் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பிரான்ஸ், பெல்ஜியம் எல்லையில் சேறு நிறைந்த பதுங்குகுழிகள். டிசம்பர் 24 இரவில் ஜெர்மானியர்கள் தங்கள் குழியின் மேல் சின்ன மரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடினார்கள். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் பதிலுக்குப் பாடினார்கள். மறுநாள் பல இடங்களில் இரு தரப்பாரும் நடுவே வந்து கை குலுக்கினார்கள், புகையிலையும் பொத்தான்களும் மாற்றிக்கொண்டார்கள், வெட்டவெளியில் கிடந்த பிணங்களை அடக்கம் செய்தார்கள். நம் நாட்டுக் கட்வால் ரைஃபிள்ஸ் படையினர் நின்ற பகுதியிலும் இது நடந்தது. அந்த மலைநாட்டுச் சிப்பாய்களுக்கு கிறிஸ்துமஸ் சொந்தப் பண்டிகை அல்ல. ஆனாலும் அன்று சுட வேண்டாம் என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரிந்தது. அதை விளக்க மதம் தேவைப்படவில்லை.

யாரும் அவர்களுக்கு லீவு கொடுக்கவில்லை. தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மேலதிகாரிகள் கொதித்துப் போனார்கள். அடுத்த வருஷம் அப்படி நடக்கக் கூடாதென்று கடுமையான உத்தரவு போட்டார்கள். சரித்திரத்தில் மிகப் பெரிய 'அன்ஆத்தரைஸ்டு ஆப்சன்ஸ்' அதுவாகத்தான் இருக்கும்.

விளக்கு எரிய ஒருவன் விழித்திருக்க வேண்டும்

1882 செப்டம்பரில் எடிசன் நியூயார்க்கில் பேர்ல் தெரு மின் நிலையத்தை ஓட்ட ஆரம்பித்தார். அதே டிசம்பரில் அவருடைய கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்விளக்குகளைக் கையால் இணைத்து மாட்டினார். மரமும் மின்சாரத்தால் சுற்றியது. இன்று நம் தெருவில் தொங்கும் சீரியல் செட்டுக்கு அதுதான் பாட்டன். மெழுகுவர்த்தி என்றால் ஏற்றியவனே பார்த்துக்கொள்வான். மின்விளக்கு என்றால் எங்கோ ஒருவன் ஜெனரேட்டர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். பண்டிகைக்கு நைட் ஷிஃப்ட் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் கண்ட்ரோல் ரூமில் ஒரு பழக்கம் இருந்தது. 'மியூச்சுவல்' என்போம். கிறிஸ்துமஸ் ஈவ் நைட் ஷிஃப்ட் தூத்துக்குடிக்காரருக்கு விழுந்தால் நானோ பாயோ பார்ப்போம். பொங்கலுக்கு அவர் எனக்காக வருவார். ரம்ஜானுக்கு நாங்கள் பாய்க்காக. பாய் எங்கள் சீனியர் ஆபரேட்டர், பாய்லர் சத்தத்தைக் கேட்டே எங்கே லீக் என்று சொல்லிவிடுவார். பொங்கல், தீபாவளி நாட்களில் தொழிற்சாலைகள் மூடுவதால் லோடு குறைந்து கர்வ் படுத்துவிடும். ஊர் முழுக்க லீவு எடுப்பதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எங்களுக்கு மட்டும்தான் உண்டு.

ஒரு வருஷம் மேலேயிருந்து உத்தரவு வந்தது. ரோஸ்டரை இனி கம்ப்யூட்டரே போடும், மியூச்சுவல் கிடையாது. கம்ப்யூட்டர் போட்ட முதல் ரோஸ்டரில் தூத்துக்குடிக்காரருக்கு டிசம்பர் 24 நைட். அவர் ஒன்றும் பேசவில்லை. பாய்தான் என்னிடம் வந்தார்.

"சார், கம்ப்யூட்டருக்கு அம்மா அப்பா உண்டா?"

"இல்லையே பாய்."

"அப்ப அதுக்கு எப்படித் தெரியும், வீட்ல ஒரு ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு? வாங்க, மேல போய்ப் பேசுவோம்."

போனோம். அதிகாரி கெட்டவர் அல்ல. பாதுகாப்புதான் அவர் கவலை. கடைசி நேரத்தில் ஆள் மாறினால், தூக்கமில்லாமல் இரண்டு ஷிஃப்ட் பார்த்தால், விபத்து நடந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். வருஷ ஆரம்பத்திலேயே எந்தப் பண்டிகைக்கு யாருக்குப் பதில் யார் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் யாரும் பார்க்கக் கூடாது. அந்த மாதமே ஒரு சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டினோம். பொங்கல், ஈஸ்டர், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் எதிரே பெயர். ரம்ஜானுக்கு மட்டும் பிறை தெரிவதைப் பொறுத்து 'கூட்டல் கழித்தல் ஒரு நாள்' என்று டாலரன்ஸ் கொடுத்திருந்தோம். நான் வரைந்த டிராயிங்குகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். நம் டிராயிங் சார் பார்த்திருந்தால் அதற்கும் ரீடூ கொடுத்திருப்பார்.

முடிவு

பைபிளில் லூக்கா எழுதிய பகுதியில் வரும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்ஸஸ் எடுக்க ரோமச் சக்கரவர்த்தி உத்தரவு. எல்லோரும் சொந்த ஊருக்குப் போக வேண்டும். ஊரெங்கும் கூட்டம், சத்திரத்தில் இடமில்லை. டிசம்பர் 23 ராத்திரி கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பஸ்ஸுக்கு நின்றவனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. குழந்தை பிறந்த செய்தி முதலில் யாருக்குப் போகிறது? அரண்மனைக்கு அல்ல. வயல்வெளியில் ராத்திரி ஆடு காவல் காத்த மேய்ப்பர்களுக்கு. சுத்தமான நைட் ஷிஃப்ட் ஆட்கள்! அவர்கள் ஊருக்குள் ஓடிப்போய்க் குழந்தையைப் பார்க்கிறார்கள், மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள்.

ஷிஃப்ட் இன்ஜினியர் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சந்தேகம். அத்தனை பேரும் போய்விட்டால் அந்த நேரத்தில் ஆடுகளை யார் பார்த்தது? லூக்கா அதைச் சொல்லவில்லை. எனக்கென்னவோ, "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று ஓர் ஆள் அங்கே நின்றிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. எந்தக் குடிலிலும் அவனுக்குப் பொம்மை கிடையாது. பாயிடம் இதைச் சொன்னபோது, "அந்த ஆள் நம்ம டிபார்ட்மெண்ட்தான் சார்" என்றார்.

இனி ரெக்கார்ட் நோட்டின் கடைசி வரி. கிறிஸ்துமஸ் என்றால் லீவு என்றேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒருவனுடைய லீவு என்பது இன்னொருவன் அவனுக்குக் கொடுப்பது. அப்படிக் கொடுக்க ஆள் இருக்கும் வரை, எந்தப் பாராளுமன்றம் ரத்து செய்தாலும் அது திரும்ப வந்துவிடும்.

ஒரு சின்ன வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த வருஷச் சந்திப்பிலும் வரவேற்பு மேஜையில் வருகைப் பதிவேடு இருக்கும். பக்கத்தில் இன்னொரு நோட்டும் வையுங்கள். அன்று டூட்டியில் இருப்பதால் வர முடியாத நம் ஆட்களின் பெயர்களை அதில் எழுதுவோம். ஆஸ்பத்திரி பிளாண்டில் ஒருவன், ரயில்வே சிக்னலில் ஒருத்தி, கப்பல் இன்ஜின் ரூமில் ஒருவன், சப்ஸ்டேஷனில் ஒருவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் ஆளுக்கு ஒரு போன் போட்டு, "மாப்ளே, சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டு இலையில் கை வைப்போம்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். என் பெயர் முதல் நோட்டிலா இரண்டாவதிலா என்பதைச் சுவரில் இருக்கும் சார்ட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.